யாழினி வீட்டில் இல்லை

மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம், செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீடு ஒன்றின் வாசலில் நிற்கிறோம். படிப்பை நிறுத்தி இரண்டு வருடமான யாழினியை மாலை வகுப்பில் சேர்க்க, மேரி டீச்சர் மூன்றாவது முறையாக வந்திருக்கிறார். போன இரண்டு முறையும் கதவே திறக்கவில்லையாம். நான் வேடிக்கை பார்க்க ஒட்டிக்கொண்டவன்.

இன்று கதவைத் திறந்த பதின்மூன்று வயதுப் பெண் கொஞ்சமும் அசராமல் சொல்கிறாள்:

"யாழினி வீட்ல இல்ல டீச்சர். பத்தாங் காலிக்குப் போயிருக்கா. நான் அவ அக்கா."

"சரிம்மா, வந்தா இத குடு."

டீச்சர் விண்ணப்பப் பாரத்தில் பெயரை எழுதி நீட்டுகிறார். அக்காவின் முகம் கடுகடுக்கிறது.

"என்னா டீச்சர், யாளினின்னு எழுதிருக்கீங்க? எம்பேருக்கு இந்த ள இல்ல, ழ!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். டீச்சர் பேனாவைக் கொடுக்கிறார். அவள் ள-வை அடித்துவிட்டு, வாலை நன்றாக இழுத்து ஒரு ழ போடுகிறாள்.

"எத்தன மணிக்கு வரணும்?"

காரில் ஏறியதும், "நல்ல தந்திரம் டீச்சர்" என்கிறேன்.

"தந்திரமா? நான் கணக்கு டீச்சர் லா. அந்த ரெண்டு எழுத்தும் எனக்கு எப்பவுமே கொழம்பும். திங்கக்கெழம அவ முன்னால போர்டுல எழுதணுமே, இன்னிக்கே ழ போட்டுப் பழகணும்."