பூமி வேஷம்

பட்டப்பகலில் சன்னல்களை அடைத்துவிட்டு அரிக்கேன் விளக்கை ஏற்றினால் எழுகிற மண்ணெண்ணெய் நெடியும், அதன் கண்ணாடிக் கூட்டின் சூடு முகத்தில் அடிப்பதும்தான் பருவங்கள் என்ற சொல்லைக் கேட்டதும் இன்றும் எனக்கு நினைவுக்கு வருகின்றன. அது யுத்த காலம். வீட்டில் ராத்திரி விளக்குக்கே "கிருஷ்ணாயில்" கிடைக்கவில்லை என்று அம்மா புலம்பிக்கொண்டிருக்கையில், கரையான்சாவடிப் பக்கத்திலிருந்த எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பெண்களாகிய நாங்கள் பகலில் விளக்கேற்றி, அதற்குச் சூரியன் என்று பெயர் வைத்திருந்தோம். அந்தச் சூரியனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றவள் நான். வகுப்பிலேயே உயரமாக இருந்ததுதான் நான் செய்த பாவம்.

சுந்தரி டீச்சர் பட்டணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். "வெயில்காலம், மழைக்காலம், பனிக்காலம்" என்று மூன்றை வைத்துக்கொண்டே பிழைத்துவந்த எங்களுக்கு இளவேனில், முதுவேனில், கார், கூதிர், முன்பனி, பின்பனி என்று ஆறு பருவங்களின் பெயர்களையும், அவை எதனால் வருகின்றன என்று சொல்வதற்கு அச்சு, சாய்வு, தற்சுழற்சி, சுற்றுப்பாதை என்ற புதுச் சொற்களையும் கொண்டுவந்தார். வாயால் ஒப்பித்தால் போதாது, உடம்பால் செய்து காட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. பூமியாக வருகிறவள் தானும் சுழன்றுகொண்டு, விளக்கையும் சுற்றிவர வேண்டும். எங்கே இருந்தாலும் தலையைக் கரும்பலகைப் பக்கமே சாய்த்திருக்க வேண்டும். அந்தச் சாய்வு விளக்கை நோக்கி விழுகிற இடத்தில் நாங்கள் "முதுவேனில்" என்று கத்துவோம். நேர் எதிரே, விளக்கைவிட்டு விலகுகிற இடத்தில் "முன்பனி" என்று கத்துவோம்.

சொற்களையெல்லாம் முதலில் மனப்பாடம் செய்தவள் நான். பூமி வேஷமோ எங்கள் தெருத் தனபாக்கியத்துக்குப் போயிற்று. எத்தனை சுற்று சுற்றினாலும் அவளுக்குத் தலை கிறுகிறுக்காது, அவளுடைய பச்சைப் பாவாடை குடை மாதிரி விரியும், அவ்வளவுதான் காரணம். பள்ளியைப் பார்வையிட இன்ஸ்பெக்டரம்மா வரப்போகிறார், அவர் முன்னால் இதைச் செய்து காட்டவேண்டும் என்று தெரிந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு எரிந்தது என்றால் அது வெறும் பேச்சுக்குச் சொல்வதல்ல. அவள் தடுக்கி விழவேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

மாரியம்மன் வேறு வழி வைத்திருந்தாள். பூமி மேற்கிலிருந்து கிழக்காகப் போவதால், விளக்கு எப்போதும் இடக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்ற வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். இது தனபாக்கியத்தின் அம்மா காதுக்கு எட்டியது. மறுநாளே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வகுப்பு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இன்னாம்மா டீச்சரே, எரியற வெளக்க எடப்பக்கமா சுத்தச் சொல்றியாமே? பொணத்ததான் அப்டி சுத்துவாங்கோ!"

பூமியே அப்படித்தான் போகிறது என்று டீச்சர் பொறுமையாக விளக்கினார்.

"பூமி போனா போவட்டும். எம் பொண்ணு போவ மாட்டா."

நின்ற இடத்தில் நிற்பதற்கு எந்தச் சாத்திரமும் தடை சொல்லவில்லை. ஆகவே தனபாக்கியம் சூரியனானாள், நான் பூமியானேன். எங்கள் வீட்டிலும் அம்மா முகத்தைச் சுளித்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த நைனாதான், "பூமாதேவியே அப்டி சுத்திகினு கீறா, இவ சுத்துனா இன்னா?" என்று எனக்கு வழி விட்டார். கொல்லையில் துவைக்கிற கல்லை நடுவில் வைத்து இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றிப் பழகினேன். தனபாக்கியம் தன் வீட்டு வேலி ஓரம் நின்று பார்ப்பது தெரிந்தால் இன்னும் இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றுவேன்.

இன்ஸ்பெக்டரம்மா வந்தார். சன்னல்கள் அடைபட்டன. தனபாக்கியம் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். இருட்டில் சுடர் மட்டும் தெரிந்தது. துவைக்கிற கல்லில் சுடர் இருந்ததில்லை என்பதை நான் யோசித்திருக்கவில்லை. எரிகிற விளக்கைக் கண்டதும் என் கைகள் தாமாகக் குவிந்தன, கால்கள் தாமாக வலப்பக்கம் திரும்பின. அச்சுமில்லை, சாய்வுமில்லை, மாரியம்மன் சன்னதியில் போவது போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டு பயபக்தியோடு வலம் வந்தேன்.

"ஏய், எடப்பக்கமா வாடி! கோயில் சுத்தற மாதிரி சுத்தினு கீறியே!" என்றாள் சூரியன்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. இன்ஸ்பெக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஏன் இடப்பக்கம் என்று அவளைக் கேட்டார். அவளோ கொஞ்சமும் கூசாமல், பூமி மேற்கிலிருந்து கிழக்காகத் தற்சுழற்சி செய்வதையும், அதனால்தான் சூரியன் கிழக்கே உதிப்பது போலத் தெரிவதையும், அச்சின் சாய்வால் பருவங்கள் மாறுவதையும் கடகடவென்று சொன்னாள். அத்தனையும் என் சொற்கள். ஒரு சிவப்புப் பென்சில் அவளுக்குப் பரிசாகக் கிடைத்தது. நான் சூரியனாக நின்றபோது எல்லோரும் பூமியைப் பார்த்தார்கள். அவள் சூரியனாக நின்றபோது எல்லோரும் சூரியனைப் பார்த்தார்கள். இதை எந்தப் பாடப்புத்தகமாவது எனக்கு விளக்கிச் சொல்லட்டும்.

அந்தப் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது துணிக்கடையின் வண்டிகள் நிற்கின்றன. சுந்தரி டீச்சர் இல்லை, அரிக்கேன் விளக்கு இல்லை. என் பேத்தி பாடத்தில் வரும் பூமியை விரலால் தள்ளித் தொலைபேசியிலேயே சுற்ற விடுகிறாள். போன வருஷம் நசரத்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் தனபாக்கியத்தைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, விளக்கு, சிவப்புப் பென்சில் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அவள் கண்களைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"இன்னா சூரியன்டி? எனக்கு ஒண்ணியும் நெனப்பு இல்லியே. சரி, நீ சாப்டியா?"

அவள் நினைவில் கோளாறு ஒன்றும் இல்லை. டீச்சரின் புடவைக் கரையைக்கூடச் சரியாகச் சொன்னாள். அந்த ஒரு நாளை வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம்தான் அவளுக்கு இருந்ததில்லை. நான் இத்தனை வருஷம் சுமந்ததை அவள் அன்று சாயங்காலமே இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு எழுந்தேன். அவளைப் பார்க்க எனக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.