பன்னிரண்டாவது பெட்டி

எங்கள் தேயிலை ஃபேக்டரியின் எலெக்ட்ரீசியன் செல்வலட்சுமிக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. தேவிகுளம் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, ஐடிஐ படித்து, முப்பத்தாறு வயதுக்குள் மூன்று மேனேஜர்களோடு சண்டை போட்டவள். கொழுந்து எடை போடும் மேசையில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்து ரசிக்கிற பாக்கியம் எனக்கு.

போன சித்திரையில் போட்ட சண்டை வாட்டுமாடிக்காக. பறித்து வந்த கொழுந்தைத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுகிற மேல்மாடி அது. பன்னிரண்டு தொட்டி, பன்னிரண்டு ஃபேன், ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச். அங்கே வேலை பார்க்கும் பெரியமுத்து ஒரு ஷிப்டில் முப்பது தடவையாவது அந்த நீளத்தை நடப்பார். முழங்கால் தேய்ந்துபோன மனுஷன்.

"கீழ உக்காந்தே எல்லாத்தையும் ஓட்டலாம் சார்" என்று மேனேஜர் மரியஜோசப்பை அரித்தெடுத்து, கேன் பஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தாள். முறுக்கிய இரண்டு வயர், கீழே இருக்கும் பொத்தான் பலகையிலிருந்து ஒவ்வொரு ஃபேனின் பெட்டியையும் தொட்டுக்கொண்டு போகும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் வாசித்தால் எல்லார் காதிலும் விழும், பேருக்குரியவர் மட்டும் முன்னே வருவார் அல்லவா? அதேதான். ஏழாம் நம்பருக்குக் கட்டளை போனால் ஏழாவது ஃபேன் மட்டும் சுற்றும். ஒரே ஒரு நிபந்தனை: வயரின் இரண்டு முனையிலும் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போன கட்டளை முனையில் முட்டித் திரும்பி, அடுத்ததோடு குழம்பிவிடும்.

மரியஜோசப் அரைமனதாகத்தான் சம்மதித்தார். "ஒரு நாள் கொழுந்து கெட்டாலும் வயரப் புடுங்கிருவேன்" என்று அன்றே சொல்லியும் வைத்தார்.

ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. பெரியமுத்து நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார். மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள் என்று நான் கேலி செய்தால் வெட்கப்படுவார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எல்லாவற்றையும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டுவிட்டால், மறுநாள் காலைவரை எங்கள் ஃபேக்டரியில் யாரும் எந்த மெஷினையும் தொடுவதில்லை. அதனால், மறுநாள் பதினோரு மணிக்கு இரண்டு லோடு கொழுந்து தொட்டிகளில் நிரம்பிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மூன்றை அமுக்கினால் அசைவில்லை. ஐந்து ஓடும், நிறுத்தினால் நிற்காது. காற்றில்லாத கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும்.

"ஒரு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் பழைய சுவிட்சுதான்" என்றார் மரியஜோசப்.

செல்வலட்சுமி கரண்டை நிறுத்திவிட்டு வயரில் மீட்டரை வைத்தாள். இரண்டு ரெசிஸ்டரும் இருந்தால் அறுபது ஓம் காட்டும்; ஒன்று மட்டும் இருந்தால் நூற்றிருபது. மீட்டரில் நூற்றிருபது. "ஒரு முனையில ரெசிஸ்டர் இல்ல!" என்று மாடிக்கு ஓடினாள். மேசையைப் போட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

கடைசியில் இருந்த பன்னிரண்டாவது பெட்டி பளபளவென்று மின்னியது. ரெசிஸ்டர் செருகியிருந்த ஓட்டையின் மேல் அழகாக ஒரு சந்தனப் பொட்டு.

பெரியமுத்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "அதுலருந்து எங்கயும் வயரு போகல தாயி. சும்மா தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சு. பூசைக்கு அசிங்கமா இருக்கேன்னு புடுங்கிக் குப்பையில போட்டுட்டேன்."

பொரிந்து தள்ளப்போகிறாள் என்று பயந்தேன். அவளோ சந்தனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, பையில் இருந்த வேறொரு ரெசிஸ்டரை மாட்டினாள். கீழே போய்க் கரண்டைப் போட்டதும் ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டு ஃபேனும் சுற்றின. மணி பன்னிரண்டரை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மரியஜோசப் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். "யாரு பாத்த வேல இது?"

"என் தப்பு சார். தொடக்கூடாதுன்னு எழுதி ஒட்டிருக்கணும். ஒட்டல" என்றாள் செல்வலட்சுமி.

"பொய் சார்." பெரியமுத்து முன்னால் வந்தார். "புடுங்குனது நாந்தான். என்னய வேணும்னா வேற வேலைக்கு மாத்துங்க. வயர ஒண்ணும் பண்ணிராதீங்க."

"நீங்க சும்மா இருங்க மாமா!"

"நீ சும்மா இரு தாயி!"

மரியஜோசப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "முப்பது வருசமா தப்புப் பண்ணுன ஆளத் தேடித்தான் எனக்குப் பழக்கம். இப்படிப் போட்டி போட்டு யாரும் வந்ததில்ல" என்று சிரித்துவிட்டார். "வயரு இருக்கட்டும். போய்க் கொழுந்தப் பாருங்க."

பெரியமுத்து அங்கேயே அழுதுவிட்டார்.