ஃப்ரிட்ஜில் ஒட்டிய சார்ட்

நீலசந்திராவில் ஒரு கிளினிக்கில் டயட்டீஷியனாக இருக்கிறேன். இன்று ஒரு அம்மா ஒன்பது வயது மகளோடு வந்திருந்தார். போன முறையைவிட மகளுக்கு எடை ஏறியிருந்தது.

வழக்கம்போல சார்ட்டை நீட்டி விளக்க ஆரம்பித்தேன். காலையில் ராகி தோசை, சாயங்காலம் சுண்டல், பிறகு ஒரு மணி நேரம் வெளியே விளையாட்டு.

"இதெல்லாம் எனக்கு மனப்பாடம் மேடம்," என்றார். "வைட்ஃபீல்டுல நான் சமைக்கிற வீட்டு ஃப்ரிட்ஜ்ல இதே மாதிரி ஒட்டியிருக்காங்க. அந்தப் பாப்பாவுக்கு நான்தான் பாத்துப் பாத்து செஞ்சு குடுக்கறேன். இப்ப நல்லா இளைச்சிடுச்சு."

"உங்க வீட்ல?"

"நான் வர எட்டு மணி ஆயிடும். இவ ஸ்கூல் விட்டு வந்தா, பக்கத்து வீட்டுக்காரங்க எங்க வீட்டுக்குள்ள விட்டு வெளியில பூட்டிடுவாங்க. ஏரியா அப்படி. அடுப்பு பக்கம் போகக் கூடாதுன்னு பிஸ்கட், சிப்ஸ் வாங்கி வெச்சிட்டுப் போவேன்."

நான் பேனாவை எடுத்து 'வெளியே விளையாட்டு' என்ற வரியை அடித்தேன். மிச்சத்தை அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், மரியாதைக்கு.

பூட்டிய வீட்டுக்கென்று சார்ட் யாரிடமாவது இருந்தால் கமெண்டில் போடுங்கள். என்னிடம் இருப்பது ஃப்ரிட்ஜில் ஒட்டுவதற்கு மட்டும்தான்.