தலை சுற்றாத ஒரு மாதம்

ஒருத்திக்குத் தையல் சோறு போடும், இன்னொருத்திக்குச் சமையல் போடும். இவளுக்குச் சோறு போட்டது தலைசுற்றல். பேருந்து இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொள்கிறவள் என்பதால் வீட்டில் எல்லாருக்கும் இவள் எலுமிச்சை. மெய்நிகர் விளையாட்டுகள் செய்யும் அந்த அலுவலகத்திலும் அதே பெயர்தான். கண்ணை மூடும் கருவியை மாட்டிக்கொண்டு விளையாடுவாள். தலை சுற்றியதும் கையைத் தூக்குவாள். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொள்வார். ஐந்து நிமிடத்துக்குள் கை உயர்ந்தால் விளையாட்டைத் திரும்பவும் செப்பனிட வேண்டும். இவளே தாங்கினால் ஊரே தாங்கும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கில் ஓட்டை விழுந்து ஒரு மாதம் ஆகிறது. மூன்று வருடப் பழக்கத்தில் அவளுக்குத் தலைசுற்றல் நின்றே போயிற்று. சொன்னால் வேலை போய்விடும். அதனால் நிமிடங்களை மனதுக்குள் எண்ணி எண்ணிக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

இன்று படகு விளையாட்டு. பதினோரு நிமிடம் என்று எழுதிக் கையெழுத்தும் ஆயிற்று. நாளை விற்பனைக்கு வெளியே போகிறது. அந்த நேரம் பார்த்து, அவள் மறந்துவிட்டு வந்த வீட்டுச் சாவியோடு அக்கா வந்து நின்றாள்.

"நீங்களும் ஒரு தடவ பாருங்கம்மா," என்றார் மேலாளர் உற்சாகமாக.

"கண்ணக் கட்டிக்கிட்டு என்னங்க விளையாட்டு?" என்று சிரித்தாலும், தங்கை பார்க்கும் வேலையாயிற்றே என்று அக்கா மாட்டிக்கொண்டாள்.

"சுத்துச்சுன்னா உடனே கையத் தூக்கிடுக்கா." என்றாள் எலுமிச்சை.

முதல் நிமிடம் அக்கா சிரித்தாள். இரண்டாவதில் பேச்சு நின்றது. மேலுதட்டில் வியர்வை. கால்விரல்கள் செருப்பை இறுக்கிப் பிடித்தன. கை மட்டும் உயரவில்லை. "நல்லாத்தான் இருக்கு," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. மேலாளரின் கண் கடிகாரத்தின் மேலேயே இருந்தது.

இப்போது கழற்றினால் குட்டு உடைந்துவிடும். கழற்றாவிட்டால் அக்கா விழுவாள். நாளை யார் யாரோ விழுவார்கள். அக்காவின் முழங்கால் மடங்கியபோது எலுமிச்சை பாய்ந்து கருவியைப் பிடுங்கினாள். அக்கா குப்பைக்கூடையைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

"ஏன்க்கா கையத் தூக்கல?"

"உன் பொழப்புல மண்ணப் போட்டுடக் கூடாதேன்னுதான்டி."

அதற்கு மேல் எலுமிச்சையால் தாங்க முடியவில்லை. "எனக்கு ஒரு மாசமா சுத்தவே இல்ல சார். நான் கையத் தூக்குனதெல்லாம் பொய். இதோட சேத்து நாலு விளையாட்டு."

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று ஏற்கெனவே வெளியே போய்விட்டன. திட்ட வாயைத் திறந்தவர், கையெழுத்திட்ட தாளைக் கிழித்தார். பிறகு அக்காவிடம், "நாளைலேர்ந்து இவளுக்குப் பதிலா நீங்க வர முடியுமாம்மா?" என்றார்.

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டாள். "நான் மயங்கி விழுந்தாலும் கையத் தூக்க மாட்டேங்க. நீங்க கடிகாரத்தப் பாத்தீங்க. அவ என்னப் பாத்தா."

மேலாளர் கடிகாரத்தை மேசையில் எலுமிச்சையின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அந்த மூணையும் திருப்பி வாங்கிடுறேன். இனிமே விளையாடிப் பாக்க வர்றவங்க கால்விரலப் பாத்து நீ எழுதும்மா."