தவமலர் காத்திருந்த ஒரு வசனம்

தவமலர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, ஓர்ஸ் ஹில்லில் உள்ள எங்கள் கல்வி அலுவலகத்தில் இருந்து மாணவத் தலைவர்களுக்கான பயிற்சிப் பட்டறைக்குக் குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்குத்தான் அரசாங்கம் என்னை வைத்திருக்கிறது. மேசையில் கிடந்த கைபேசி அதிர்ந்தது. உயர்தரத்தில் ஒன்றாகப் படித்தவர்களின் குழுவில் ஒரு செய்தி: “எங்கட தவமலர் இண்டைக்குக் காலமை போயிட்டா. டெங்கு. ஐஞ்சு நாள் காய்ச்சல்தான்.”

அதன் கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்தன. பிறகு ஒரு நண்பர் எழுதினார்: “ரகு, நீங்கள்தானே எங்கட சிரேஷ்ட மாணவத் தலைவர். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நீங்கள்தான் எழுதவேணும்.”

அதனால்தான் எழுதுகிறேன். இதற்கு முன்னும் பலருக்கு அஞ்சலி எழுதியிருக்கிறேன். புகழ்ந்து எழுதுவது எனக்குச் சிரமமில்லை. தவமலரைப் புகழ்வதென்றால் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இவ்வளவு காலம் நான் வாய் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

அவர் நிலாவெளிக்காரர். வீதியிலிருந்து மணலில் பத்து நிமிடம் நடந்தால் வீடு. தந்தையார் கரைவலை இழுப்பவர். பாடசாலை நாட்களில் தவமலர் சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலுடன் மணலைக் கடந்து வந்து, பஸ் தரிப்பிடத்தில் காலைத் தட்டிவிட்டு அணிந்துகொள்வாராம். மெதுவாகக் கதைக்க அவருக்கு வராது. கடலில் நிற்கும் வள்ளத்துக்குக் கேட்கும்படி கரையிலிருந்து கதைத்துப் பழகிய குடும்பம். நூல்நிலையத்தில் அவர் இரகசியம் சொன்னால் மூன்று மேசைக்கு அப்பால் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, உயர்தர வகுப்பில், இருவரும் மாணவத் தலைவர்களாக இருந்தோம். நான் சிரேஷ்ட மாணவத் தலைவன். காலையில் பாடசாலைப் படலையில் நின்று, பிந்தி வருபவர்களைக் கொப்பியில் பதிந்து, முதலாம் பாடம் முடியும்வரை வெயிலில் நிறுத்துவது என் பொறுப்பு. கண்டிப்பானவன் என்ற பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு நாள் தவமலர் அந்தக் கொப்பியை என் கையிலிருந்து வாங்கிப் புரட்டினார்.

“ஒரே பேர்தான் திரும்பத் திரும்பக் கிடக்குது ரகு. பாத்தனீங்களா?”

“அவைதான் பிந்தி வாறவை. வேற என்ன?”

“எல்லாம் கரைப்பக்கத்துப் பிள்ளையள். எல்லாரும் சேர்ந்து ஒரே நாளில சோம்பேறியாகினவையா?”

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டுக்கு அப்பால் ‘காரணம்’ என்று எழுதினார். அன்றிலிருந்து, பிந்தி வந்த ஒவ்வொருவரிடமும் ஏன் என்று கேட்டோம். பெரும்பாலும் ஒரே பதில்தான் வந்தது: பஸ் நிற்கவில்லை. பருவச்சீட்டு வைத்திருக்கும் பாடசாலைப் பிள்ளைகள் கூட்டமாக நின்றால் சாரதிகள் கண்டும் காணாமல் போய்விடுவார்கள். நான் நகரத்திலேயே வளர்ந்தவன், சைக்கிளில் ஐந்து நிமிடத்தில் பாடசாலைக்கு வந்துவிடுவேன். இது எனக்குத் தெரிந்தே இருக்கவில்லை.

நிலாவெளியிலிருந்து சாம்பல்தீவு வரை ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் ஒரு மாணவரைத் தவமலர் பொறுப்பாக வைத்தார். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். நல்ல காரியம் ஒன்றுக்கு அதுவரை யாரும் கூப்பிட்டிராத பிள்ளைகள். எந்த பஸ், எத்தனை மணிக்கு வந்தது, நின்றதா, எத்தனை பேரை விட்டுப் போனது என்று எழுதி, வெள்ளிக்கிழமை இடைவேளையில் கொண்டுவந்து கொடுப்பார்கள். தவமலர் ஒவ்வொரு வரியாக வாசித்துக் கேட்பார்.

“இது நீர் கண்டதா, ஆரும் சொன்னதா?”

“சொன்னது, அக்கா.”

“அப்ப வெட்டும். கண்டதை மட்டும் எழுதும்.”

ஆறு வாரத்தில் பெரிய அட்டவணை ஒன்று உருவானது. பாடசாலை வரலாற்றில் மாணவர்கள் தாங்களாகச் செய்த அப்படியொரு வேலையை நான் கண்டதில்லை. அதைப் பார்த்தபோது எனக்குப் பெருமை வரவில்லை, பொறாமைதான் வந்தது. மாணவத் தலைவர் கூட்டத்துக்குத் தரிப்பிடப் பொறுப்பாளர்களும் வந்திருந்தார்கள். அவர்கள் எல்லோரும் தவமலரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்க்க வைக்க வேண்டும் என்று நினைத்து எழுந்து சொன்னேன்: “நிக்காம போனா றோட்டில இறங்கி நில்லுங்கோ. எப்பிடிப் போகினம் எண்டு பாப்பம்!”

கைதட்டினார்கள்.

“ஏலாது,” என்றார் தவமலர். “அதில ஆறாம் ஆண்டுப் பிள்ளையளும் நிக்குதுகள். ஒருத்தரும் றோட்டில இறங்கப்படாது. அட்டவணையை அதிபரிட்டக் குடுப்பம்.”

“பயந்து கொண்டிருந்தா ஒண்டும் நடக்காது,” என்றேன். மறுபடியும் கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை ஒரு தரிப்பிடத்தில் பிள்ளைகள் வீதியில் இறங்கி நின்றார்கள். பஸ் பிறேக் அடித்து நின்றது. பின்வாங்கிய கூட்டம் தள்ளியதில் ஒரு சின்னப் பெண்பிள்ளை விழுந்து கை முறிந்தது. பத்து மணிக்கு அந்தப் பிள்ளையின் தகப்பன் பாடசாலை அதிபரின் அறையில் நின்றார். எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள்.

“றோட்டில இறங்கச் சொன்னது ஆர்?” என்று அதிபர் கேட்டார்.

நான் செய்ததை இங்கே அப்படியே எழுதுகிறேன். நான் பொய் சொல்லவில்லை. “தரிப்பிடப் பிள்ளையளைத் தவமலர்தான் பாக்கிறவ, சேர்” என்று சொன்னேன். அதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்த உண்மையைக் கொண்டுதான் அவரை மாட்டிவிட்டேன்.

தவமலர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை. ஏதோ கேட்கக் காத்திருப்பவர் போல நின்றார். நான் சுவரில் தொங்கிய நேரசூசியைப் பார்த்தேன்.

“உண்மையா, தவமலர்?”

“ஓம் சேர். அவையைப் பாக்கிறது நான்தான்.” எப்போதும் மூன்று மேசைக்குக் கேட்கும் குரல், அன்று பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அதிபர் கேட்பதற்கு முன்பே, மாணவத் தலைவர் சின்னத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

மாணவத் தலைவர் கூட்டத்தில் இருந்த மற்றவர்களும் வாய் திறக்கவில்லை. நான் சிரேஷ்ட மாணவத் தலைவன், அவர்களுக்கும் பயம். அவர்களை நான் குறை சொல்ல முடியாது.

இரண்டு வாரம் கழித்து அதிபர் அந்த அட்டவணையைக் கல்வி அலுவலகத்துக்கும் போக்குவரத்துப் பொறுப்பாளர்களுக்கும் கொண்டுபோக விரும்பினார். “சுத்தமா ஒருக்கா எழுதித் தாரும்,” என்று என்னிடம் கொடுத்தார். எழுதினேன். கீழே ஒரு பெயர் போட வேண்டியிருந்தது. என் பெயரைப் போட்டேன். அடுத்த தவணையில் கரையோர வீதியில் மாணவர்களுக்கென்று காலையில் ஒரு பஸ் ஓடத் தொடங்கியது. பரிசளிப்பு விழாவில், சிறந்த மாணவத் தலைமைத்துவத்துக்கான விருதை அதற்காகவே எனக்குத் தந்தார்கள். மேடையிலிருந்து பார்த்தேன். தரிப்பிடப் பொறுப்பாளர்கள் நின்ற மூலையில் மட்டும் ஒரு கையும் அசையவில்லை.

இது பள்ளிக்கூடத்தோடு முடிந்த கதை என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி முடியவில்லை. கல்வியியற் கல்லூரிக்கான நேர்முகப் பரீட்சையில் தலைமைத்துவத்துக்கும் புள்ளி உண்டு. தவமலரின் பாடசாலை விடுகைப் பத்திரத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. மயிரிழையில் தவறவிட்டார். ஒரு வருடம் நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நின்றார். அடுத்த தடவை, பரீட்சைப் புள்ளியின் பலத்தாலேயே உள்ளே போனார். என் நேர்முகப் பரீட்சையில் அந்த விருதை வாசித்துப் பார்த்துவிட்டு, “இப்படியான ஆக்கள்தான் எங்களுக்குத் தேவை” என்றார்கள்.

பயிற்சி முடிந்து அவருக்கு ஈச்சிலம்பற்றில் நியமனம் கிடைத்தது. தூரம் என்று சொல்லி இடமாற்றம் கேட்பவர்களே அதிகம். தவமலர் கேட்கவில்லை, அங்கேயே அறை எடுத்துத் தங்கினார். அந்தப் பாடசாலையில் அவர் பொறுப்பாக இருந்த மாணவர் பாராளுமன்றம் பெயருக்கு இருந்த ஒன்றல்ல. அறுவடைக் காலத்தில் வயலுக்குப் போய்ப் பாடம் தவறவிடும் பிள்ளைகளுக்கு, மூத்த மாணவர்கள் பின்னேரங்களில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். மழைக் காலத்தில் ஆற்றுப் பக்கத்துச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவரக் குழு அமைத்தார்கள். படிப்பை விட்டவர்களின் தாய்தகப்பனோடு போய்க் கதைத்தார்கள். அறிக்கைகள் என் அலுவலகத்துக்கு வரும். ஒவ்வொன்றிலும் செய்த மாணவர்களின் பெயர்கள் முழுதாக இருக்கும். ஆசிரியரின் பெயரை மட்டும் தேட வேண்டும்.

சென்ற வருடம் அவர் என்னைத் தம் மாணவர்களுக்குப் பேச அழைத்தார். போனேன். மாணவர் பாராளுமன்றத்தின் பிரதமர், யாழினி என்ற பதினோராம் வகுப்பு மாணவி, என்னை அறிமுகப்படுத்தினார்: “தான் படிக்கும் காலத்தில் நிலாவெளி வீதி மாணவர்களுக்குப் பஸ் சேவையைப் பெற்றுக்கொடுத்தவர்.” என் அலுவலக விவரக் குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது, அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். தவமலர் பின்வரிசையில் நின்றார். நான் நன்றி சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கினேன்.

கூட்டம் முடிந்து வாகனத்துக்கு நடந்தபோது, “தவமலர், அந்த நாள் விசயம்...” என்று இழுத்தேன்.

“ஏன் அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்ல எண்டு கேக்கப் போறியளா? நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்.”

“என்னை மன்னிச்சிருப்பியள் எண்டு நினைச்சன்.”

“இல்லை ரகு. எனக்கு இப்பவும் கோவம்தான். பொய் சொல்ல ஏலாது.” சற்று நின்றார். “ஆனா என்ர பிள்ளையளுக்கு முன்னால உங்களைச் சின்னனாக்க எனக்கு விருப்பமில்லை. அதை நீங்களாத்தான் சொல்லவேணும். ஒரு வசனம் போதும்.”

“அடுத்த முறை வரேக்க சொல்லுறன்,” என்றேன்.

இரண்டு முறை அழைத்தார். ஒரு முறை கூட்டம் இருக்கிறது என்றேன், மற்ற முறை சுகமில்லை என்றேன்.

செத்த வீட்டில் என்னைப் பேசச் சொன்னார்கள். ஈச்சிலம்பற்றிலிருந்து அவருடைய மாணவர்கள் வந்து பந்தலின் கீழ் நிலத்தில் இருந்தார்கள். அவர் சிறந்த ஆசிரியை, நல்ல சிநேகிதி, அடக்கமானவர் என்றெல்லாம் சொன்னேன். அப்போதும் அந்த ஒரு வசனத்தைச் சொல்லவில்லை. இறங்கி வந்ததும் அவருடைய தாயார் என் கையைப் பிடித்தார்.

“நல்லாக் கதைச்சனீங்கள், தம்பி.” அழுது வற்றிய கண்களால் என்னைப் பார்த்தார். “என்ர பிள்ளை அடக்கமில்லை. அவவின்ர குரல் உங்களுக்குத் தெரியும்தானே. அவ அடங்கி நிண்டது ஒரே ஒரு நாள்தான்.”

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே, வீட்டுக்கு வந்தவன் என்று என் கையைப் பிடித்தார்.

அடுத்த திங்கட்கிழமை, யாரும் கூப்பிடாமலே ஈச்சிலம்பற்றுக்குப் போனேன். காலைக் கூட்டத்தில் அனுமதி கேட்டு, முன்னால் நின்று சொன்னேன். பஸ்ஸைப் பெற்றுக்கொடுத்தது நானில்லை, உங்கள் ரீச்சர். வீதியில் இறங்கச் சொன்னது ரீச்சரில்லை, நான். தண்டனை அவருக்கு, விருது எனக்கு. தவமலர் சொன்னது சரிதான். சொல்ல அதிக நேரம் எடுக்கவில்லை.

யாழினி கையை உயர்த்தினார்.

“ரீச்சர் இருக்கேக்க ஏன் சேர் சொல்லேல்ல?”

“பயம்,” என்றேன்.

“ஆருக்கு? ரீச்சருக்கா?”

“இல்லை. நீங்கள் இப்ப என்னைப் பாக்கிற மாதிரிப் பாப்பியள் எண்டு.”

அவர் பார்வையைத் தாழ்த்தவில்லை. பக்கத்தில் நின்ற செயலாளரான மாணவியிடம் திரும்பி, “கூட்ட அறிக்கையில இதை எழுதும்,” என்றார். பிறகு என்னிடம், ஓர் அலுவலரிடம் கேட்கும் மரியாதையோடு கேட்டார்:

“உங்கட முதலெழுத்து என்ன, சேர்?”

“சி,” என்றேன். “சி. ரகுநாதன்.”

அந்தப் பிள்ளை குனிந்து எழுதியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தவமலர், உங்களிடம் மன்னிப்புக் கேட்டு இதை முடிக்கப்போவதில்லை. அதற்கான பதிலை நீங்கள் முன்னமே, நேராகவே சொல்லிவிட்டீர்கள். உங்கள் மாணவிகள் உண்மையை எழுதிவைக்கக் கற்றிருக்கிறார்கள். கோபத்தோடேயே போய்வாருங்கள், சிநேகிதி. அது உங்களுக்கு உரியது.