நற்செயல் நோட்டு

சாரணியர் படையில் இருந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு முடிச்சைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு முடிச்சு வராது. ரீஃப் முடிச்சு போடும் முறையை மனப்பாடமாக ஒப்பிப்பேன். கயிற்றைக் கையில் கொடுத்தால் நான் போட்டது இரண்டு இழுப்பில் அவிழ்ந்துவிடும். கூடாரம் அடிக்க வரும், காயத்துக்குக் கட்டுப் போட வரும், செங்கல் அடுக்கி அடுப்பு மூட்ட வரும். எனக்கு மாநில விருது வாங்கிக் கொடுத்தது இதில் எதுவும் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டுதான். அதை நான் எப்படி நிரப்பினேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2008இல் கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். விருதுத் தேர்வுக்குப் போக வேண்டுமானால் முதலில் சேவை பேட்ஜ் முடித்திருக்க வேண்டும். அதற்கு எங்கள் சாரணியர் மிஸ் வைத்திருந்த விதி இது: மூன்று மாதம் ஒரே ஆளுக்கு உதவ வேண்டும். தினமும் என்ன செய்தோம் என்று நோட்டில் எழுதி, உதவி பெற்றவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் அவரே தன் கைப்பட இரண்டு வரி எழுதித் தர வேண்டும். அதற்குக் கீழே தலைமையாசிரியை கையெழுத்துப் போடுவார்.

இந்த விதி தெரிவதற்கு முன்னால், மே மாத லீவில், நாங்கள் ஆறு பேர் சீருடையோடு மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலக வாசலுக்கு, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கப் போனோம். அங்கே மரத்தடியில் மனு எழுதிப் பிழைக்கிறவர் ஒருவர் இருந்தார். "யாரும்மா நீங்கள்லாம்? எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட வந்தீங்களா?" என்று விரட்டிவிட்டார். மிஸ்ஸிடம் வந்து சொன்னால், "கண்டவங்களுக்கு மனு எழுதுனதெல்லாம் கணக்குல வராது, ஒரு ஆளப் புடிங்க" என்றார்.

பிடித்தோம். ஒருத்தி தெருக்கோடியில் இருந்த கண் தெரியாத பெரியவரைப் பிடித்தாள். இன்னொருத்தி தன் சர்ச்சுக்கு வரும் வாய் பேசாத அம்மாவைப் பிடித்தாள். யாராவது நொண்டிக்கொண்டு போனால் போதும், முதலில் பார்த்தது நீயா நானா என்று சண்டை வரும். எங்களுக்குப் பதினான்கு பதினைந்து வயது. இரக்கம் என்கிற வார்த்தையை அந்த லீவு முழுக்கப் பேசினோம். எங்களில் ஒருத்திக்கும் அது இருந்ததாக எனக்கு நினைவில்லை.

எனக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் கிடைத்தாள்.

அவள் என் வகுப்புதான். போலியோவில் இடது கால் சூம்பிப்போனவள். தொடைவரை இரும்புக் காலிபர், கையில் ஒரு தடி. அவள் அப்பா தேவனாம்பட்டினத்தில் போட் இன்ஜின் மெக்கானிக். தினமும் மொபெட்டில் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிடுவார், சாயங்காலம் வந்து ஹாரன் அடிப்பார். அவளுக்கு லேப் டெக்னீஷியன் ஆக வேண்டும். சின்ன வயதிலிருந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததில், உட்கார்ந்த இடத்தில் இரத்தத்தைப் பரிசோதிக்கிறவர்களைப் பார்த்து வந்த ஆசை. அதற்குப் பதினொன்றாவதில் பயாலஜி எடுக்க வேண்டும். லேப் எல்லாம் மாடியில். ஒன்பதாவது முடிகிறபோதே தலைமையாசிரியை அவளிடம் சொல்லியிருந்தார்: "பத்தாவது கிளாஸும் மாடிலதான். ஒரு வருஷம் பாப்போம். தனியா ஏறி எறங்குனன்னா பயாலஜி தர்றேன்." இது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

மாடிக்கு இருபத்திரண்டு படி. அவள் பக்கவாட்டாகத் திரும்பி, கைப்பிடிச் சுவரைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, இரும்புக் காலை இழுத்துப் பக்கத்தில் சேர்த்து, ஒவ்வொரு படியாக ஏறுவாள். அசிங்கமாக இருக்கும், ஆனால் ஏறிவிடுவாள். பிரேயர் மணி அடிப்பதற்குள் வியர்த்து வழிய உட்கார்ந்திருப்பாள்.

நான் போய் நின்றேன். "தெனம் உன்ன நாங்க தூக்கினு போறோம். கையெழுத்து மட்டும் போடு."

"வேணாம். நானே ஏறிப்பேன்."

"கொஞ்ச நாளைக்குத்தான்டி."

இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்து, கையாலேயே இருக்கை போடுவது முதலுதவிப் பாடத்தில் வரும். என்னோடு சேர்ந்து தூக்க இன்னொருத்தியைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் கைமேல் தடிக்காரி அரைமனதாக உட்கார்ந்ததும் தூக்கினோம். எடையே இல்லை. அந்த இரும்புதான் ஒவ்வொரு படியிலும் என் தொடையில் இடித்தது. படியில் நின்ற சின்ன வகுப்புப் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒன்று, "அம்மன் ஊர்கோலம் வருது, வழி விடு" என்றது. நாங்கள் சிரித்தோம். அவள் இரண்டு கையாலும் எங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மூன்று வாரம் இப்படிப் போனது. அப்புறம் அவள் அப்பாவிடம் சொல்லிச் சீக்கிரமே வர ஆரம்பித்தாள். நாங்கள் வருவதற்குள் மாடியில் உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் பெல் அடித்ததும் முதல் ஆளாகப் படியில் இறங்கிக்கொண்டிருப்பாள். "நீதான் தூக்கலையே, நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்" என்றாள். நியாயம்தான். அந்த நியாயத்தைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு நாள் நோட்டு காலியாகக் கிடந்தது. இவ்வளவு செய்தவளுக்கு நன்றி இல்லையே என்று உண்மையிலேயே கோபப்பட்டேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது, நல்ல சிரிப்பு இல்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் டெஸ்க்கில் தலை கவிழ்ந்து தூங்குவாள். தடி சுவரில் சாய்ந்திருக்கும். பன்னிரண்டாவது நாள் மதியம் அதை எடுத்துக்கொண்டுபோய்ச் சாரணியர் அறை பீரோவின் மேல், கூடாரத் துணிக்கு அடியில் வைத்தேன்.

சாயங்காலம் எல்லோரும் போய்விட்டார்கள். அவள் பெஞ்சிலேயே இருந்தாள். நான் நோட்டோடு போய் எதிரில் உட்கார்ந்தேன். கீழே அவள் அப்பாவின் ஹாரன் கேட்டது.

"தடி எங்கடி?"

"தேடித் தர்றேன். மொதல்ல கையெழுத்தப் போடு."

அவள் என்னைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. மறுபடி ஹாரன். "அப்பா மேல வந்து இப்பிடி உக்காந்திருக்கறதப் பாத்தாருன்னா நாளையிலேருந்து அனுப்ப மாட்டாரு. ஏற்கெனவே படிச்சது போதும்னு சொல்லிக்கினு இருக்காரு" என்றாள். கெஞ்சவில்லை. விவரம் சொல்வது போலத்தான் சொன்னாள். அது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

அன்றையதையும் சேர்த்துப் பன்னிரண்டு கையெழுத்தையும் வரிசையாகப் போட்டாள். கையோடு கடைசிப் பக்கத்தையும் முடித்துவிடலாமென்று தோன்றியது. நான் சொல்லச் சொல்ல எழுதினாள்: 'இவர் தூக்கிச் செல்லாவிட்டால் என்னால் மாடி ஏற முடியாது. இவரால்தான் நான் படிக்கிறேன்.' முதல் வரியில் பேனாவை நிறுத்தினாள்.

"பொய்யாச்சேடி இது."

"நோட்டுக்குத்தான். யாரு படிக்கப் போறா?"

மூன்றாவது ஹாரன் கேட்டது. எழுதி முடித்தாள். நான் ஓடிப்போய்த் தடியைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் முடிகிறவரை ஒவ்வொரு சாயங்காலமும் நோட்டை அவள் முன்னால் வைப்பேன், கையெழுத்துப் போடுவாள். தினமும் அவள் தனியாகத்தான் ஏறினாள். தூக்கினோம் என்று நான் எழுதினேன். தடியை மறுபடி தொடவேயில்லை. தொட வேண்டிய தேவை வரவில்லை.

தலைமையாசிரியை எங்கள் நோட்டுகளைத் திறந்தும் பார்க்காமல் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். காலாண்டு லீவில் சிதம்பரத்தில் தேர்வு முகாம் நடந்தது. கீழவீதிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். மூன்று நாள். கோயிலுக்கு வருகிற கூட்டத்தை வரிசையில் நிறுத்தினோம், பாத்திரம் இல்லாமல் சமைக்கிறோம் என்று கத்திரிக்காயைத் தணலில் கரித்துத் தின்றோம். முடிச்சுத் தேர்வில் என் கயிறு வழக்கம்போல அவிழ்ந்தது. தேர்வாளர் அம்மா உதட்டைப் பிதுக்கினார். அப்புறம் நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். "முடிச்சு யார் வேணாலும் கத்துக்கலாம்மா. இது வராது" என்று என் தலையில் கை வைத்தார். எனக்கும் கண் கலங்கியது. நான் நல்லவள் என்று அந்த நிமிடம் நானே நம்பினேன்.

ஜனவரியில் முடிவு வந்தது. தேர்வாளர் பள்ளிக்கு எழுதிய கடிதத்தில் என் நோட்டைத் தனியாகப் புகழ்ந்திருந்தார். தலைமையாசிரியை அப்போதுதான் நோட்டை வாங்கிப் படித்தார். மறுநாள் பிரேயரில் அந்த இரண்டு வரியை மைக்கில் வாசித்து, எழுதியவள் யாரென்றும் சொன்னார். பள்ளிக்கூடமே திரும்பி அவளைப் பார்த்துக் கை தட்டியது. வகுப்புக்கு வந்ததும் அவள் என்னிடம், "யாரு படிக்கப் போறான்னியே" என்றாள். நான் டெஸ்க்கில் எதையோ தேடினேன்.

ஜூனில் பதினொன்றாவது அட்மிஷன். அவள் அறிவியலில் என்னைவிட ஜாஸ்தி மார்க். தலைமையாசிரியை அறைக்குள் அவளும் அவள் அப்பாவும் நின்றார்கள். கை முழுக்க கிரீஸ் கறை, வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். அடுத்த ஆளாக நானும் என் சான்றிதழ்களோடு உள்ளே நின்றேன்.

"பயாலஜி மேலம்மா. டெய்லி நாலு தடவ ஏறி எறங்கணும். உன்னால முடியாதுன்னு நீயே எழுதிக் குடுத்திருக்கியே. கீழ டைப்பிங் க்ரூப்பு இருக்கு, எடுத்துக்க."

"ஏறுவேன் மிஸ். வருஷம் பூரா தனியாத்தான் ஏறுனேன். இப்ப ஏறிக் காட்டவா?"

"விழுந்து கிழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடி. நான் தனியா ஏறுனனா இல்லையா?"

என் விருதுச் சான்றிதழ் மேலாக இருந்தது. ஏறினாள் என்று சொன்னால் நோட்டு பொய், நோட்டு பொய்யென்றால் விருதும் போச்சு. தலைமையாசிரியை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப வருத்தமான குரலில் சொன்னேன்: "அவளுக்கு ரொம்பக் கஷ்டம் மிஸ். பாக்கவே பாவமா இருக்கும்."

தலைமையாசிரியை டைப்பிங் என்று எழுதினார்.

வெளியே வராந்தாவில் அவள் அப்பா எனக்காகக் காத்திருந்தார். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். கறையான இரண்டு கையையும் கூப்பினார். "நீ நல்லா இருக்கணும்மா. இவுங்க ஆத்தா இல்லாத கொறைக்கு உன்ன மாதிரி ஒருத்தி இருந்ததாலதான் இவ இந்த மட்டுக்கும் படிச்சா." பிறகு மகளைப் பார்த்து, "என்னா மரம் மாதிரி நிக்கிற? தேங்ஸ் சொல்லு" என்றார்.

எனக்கு அப்போது வெட்கமெல்லாம் இல்லை. அவரிடம் சொல்லிவிடுவாளோ என்று பயம்தான் இருந்தது. அவள் தடியை ஊன்றிக்கொண்டு அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"தேங்ஸ்" என்றாள்.

"பரவால்ல" என்றேன்.