கைக்குள் இருந்த பயம்

அந்தமானில் பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் தீவுக்குப் போகும் போட் அன்று காலை பாதி வழியில் நின்றுபோனது. மழைக்காலம். எஞ்சின் அடங்கியதும் காற்று எங்களைத் திறந்த கடல் பக்கமாகத் தள்ளியது. என் கணவர் சாத்தம் மர ஆலைக்கும் நான் போர்ட் பிளேர் டெலிபோன் எக்சேஞ்சுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். கடைசியில் வேறொரு போட் வந்து கயிறு கட்டி இழுத்துப்போனது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அந்த வாரமே, வீட்டில் அரிசி களைந்துகொண்டிருக்கையில் எனக்கு மூச்சு முட்டியது. நெஞ்சு படபடத்தது, விரல்கள் மரத்துப்போயின. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். பிறகு அது தினமும் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு இதயம் நன்றாக இருக்கிறது என்றார். எனக்குப் பயம் கூடியது. அப்படியானால் புத்திதான் கெட்டுப்போகிறதா? லீவு போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன்.

பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் என் வயதுக்காரி. ஊரையும் வீட்டையும் விட்டுக் கப்பலேறி வந்தவள். விடிந்ததும் கண்ணை மூடி உட்காருவாள். ஒருநாள் என்னையும் பாயில் உட்காரவைத்து, மூச்சு வருவதையும் போவதையும் கவனித்தால் போதும் என்றாள்.

கண்ணை மூடியதும் அந்த போட்தான் வந்தது. அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

அவள் பின்னாலேயே வந்தாள். "டர்கோ பகாவ் மத், பெஹன். பைட்கே தேக்கோ."

பயத்தை விரட்டாதே, உட்கார்ந்து பார் என்கிறாள். உடம்பில் அது எங்கே இருக்கிறது என்றும் கேட்டாள்.

பல நாள் நடுங்கிக்கொண்டேதான் உட்கார்ந்தேன். நெஞ்சில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு காலை, வலது கை மட்டும் சில்லிட்டிருப்பது தெரிந்தது. எழுந்து ஓடாமல் அதையே கவனித்தேன். எஞ்சின் நின்றதும் என் கணவர் தான் பிடித்திருந்த அந்தக் கையை உதறிவிட்டு, உயிர்காப்பு மிதவை மாட்டியிருந்த இடத்துக்குப் பாய்ந்தது மெல்ல நினைவுக்கு வந்தது. நான் பார்க்க அஞ்சியது கடலை அல்ல.

அவரிடம் சொல்லவும் பயமாக இருந்தது. அன்று சாயங்காலம் சொல்லிவிட்டேன்.

"போட் நின்னப்ப என் கைய விட்டுட்டீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும். நீ எப்பக் கேப்பியோன்னு தெனமும் பயந்துக்கிட்டே இருந்தேன்."

கோபமும் அழுகையுமாக வந்தது. ஆனால் மூச்சு முட்டவில்லை.

லீவு முடிந்து வேலைக்குத் திரும்பினேன். போட் நடுவில் வந்ததும் நெஞ்சு மறுபடி அடித்துக்கொண்டது. ஒவ்வொரு மூச்சாகக் கவனித்தபடி நின்றேன். சாத்தம் வரும்வரை பயமும் கூடவே வந்தது. இறங்கி, போர்ட் பிளேருக்குப் போகும் பாலத்தில் நடந்தேன்.